திங்க முடியாத மிக்சர்

நான் செய்யும் தொழிலுக்கு இப்போது நல்ல தமிழ்ப் பெயர் வந்துவிட்டது. ஒலிக்கலவையாளர் என்று எழுதுகிறார்கள். ஒரு பாராட்டு விழாவில் சால்வை போர்த்தும்போது 'ஒலிக்கலவைச் செம்மல்' என்று கூட வாசித்தார்கள். வாசித்தவருக்கே அது என்னவென்று தெரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சென்னையில் பாட்டுப் பதிவு செய்யும் கூடங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். பாடுகிறவர் குரல், வயலின் கூட்டம், தாளம் என்று தனித்தனியாக வருவதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் ஒதுங்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. பிறகு சொந்தமாகவும் பக்திப் பாடல் கேசட்டுகள் தயாரித்தேன். சாமி புண்ணியத்தில் அவை நன்றாக விற்றன. எல்லாச் சாமிகளின் புண்ணியத்திலும் என்று சொல்ல வேண்டும். மூன்று மதத்துக்கும் தயாரித்தேன்.

ஆனால் எழுபதுகளில், தூத்துக்குடியில், இந்த வேலைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மிக்சர். கருவிக்கும் அதுதான் பெயர், கருவியின் முன்னால் உட்காருகிறவனுக்கும் அதுதான் பெயர். அதே பெயரில் பலகாரக் கடைகளில் ஓமப்பொடியும் காராபூந்தியும் கடலையும் கலந்த வேறொரு பொருளும் விற்றுக்கொண்டிருந்தது. இந்த இரண்டு மிக்சர்களும் என் கல்யாணப் பேச்சுக்குள் ஒன்றாகப் புகுந்து என்ன செய்தன என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் காலத்தைக் குறித்துவிட வேண்டும். புதுத் துறைமுகம் திறந்ததற்கு அடுத்த ஆண்டு என்பதில் சந்தேகமில்லை. மிக்சர் செய்யத் தேவைப்பட்ட உதிரிப் பாகங்களில் பாதி, அங்கே வந்த ஒரு கப்பலின் ரேடியோ அறையிலிருந்து கழித்துப் போட்ட சாமான்களில் கிடைத்தவை. அந்தக் கப்பல் பழைய துறைமுகத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. மாதம் ஆவணி. என் அம்மா கடைசிவரை ஆடி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். தரகர் வந்த அன்று காற்று பேயாக அடித்தது என்பது அவள் கட்சி. ஆடியில் எந்தத் தரகரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார். மேலும், காற்று அடித்ததை வைத்து தூத்துக்குடியில் மாதம் சொல்வது, உப்பு இருந்ததை வைத்து எந்தத் தெரு என்று சொல்வதைப் போல. ஆகவே ஆவணிதான்.

நான் ரேடியோ பழுதுபார்க்கப் படித்தவன். படித்து முடித்ததும் ஒரு மைக்செட் அண்ணாச்சியிடம் சேர்ந்தேன். அவரிடம் இருந்தவை நான்கு ஒலிபெருக்கிக் குழாய்கள், இரண்டு பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், சில வால்வு ஆம்ப்ளிஃபயர்கள், பிறகு எல்லாச் சாமான்களையும் சமமாகத் தின்றுகொண்டிருந்த உப்புக்காற்று. மைக்கின் கம்பி முனைகள் பச்சை பூத்துவிடும். அண்ணாச்சி அதைச் சுரண்டிக்கொண்டே, "ஏலே, நாம பாட்டுப் போடலலே, கப்பலுக்குத் துரு எடுக்கோம்" என்பார்.

அந்நாளில் மெல்லிசைக் கச்சேரி என்றால் ஒவ்வொரு மைக்குக்கும் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பாட்டுக்காரர் குரலைக் கூட்ட மேடையின் ஒரு கோடிக்கு ஓட வேண்டும், தபேலாவைக் குறைக்க மறு கோடிக்கு. நடுவில் ஆர்மோனியக்காரரின் காலைத் தாண்ட வேண்டும். இந்த ஓட்டத்தைச் சகிக்காமல்தான் மிக்சர் செய்தேன். கொழும்புத் தேயிலை வந்த பெட்டியின் பலகை. அதன் மேல் ஆறு திருகுகள், ஆறு மைக்குகளுக்கு. ஆறும் ஆறு பழைய ரேடியோக்களிலிருந்து பிடுங்கியவை என்பதால் ஒன்று போல ஒன்று இருக்காது. ஒன்று வெள்ளை, ஒன்று கருப்பு, ஒன்றில் யானைப் படம். ஐந்து திருகுகள் மேடைக்கு. ஆறாவது, பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் அறிவிப்பு மைக்குக்கு. காணாமல் போன பிள்ளைகளையும் வழியை மறித்து நிற்கும் மாட்டு வண்டிகளையும் அதில்தான் அறிவிப்போம். வண்டியில் சாமான் ஏற்றுகிறவர்கள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அண்ணாச்சி சிவப்புப் பெயிண்டில் 'மிக்சர்' என்று பெரிதாக எழுதிவைத்தார். எழுதியதற்குப் பிறகும் உட்கார்ந்தார்கள்.

அப்பா காலமாகிவிட்டதால் எனக்குப் பெண் தேடும் பொறுப்பு அம்மாவிடம் இருந்தது. தரகர் வந்தபோது நான் வீட்டில் இல்லை. அவர்கள் பேசிக்கொண்டதை அம்மா பிற்பாடு பலமுறை, இரண்டு பேர் குரலிலும், நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"பையன் என்ன வேல பாக்கான்?"

"மிக்சர்ல இருக்கான்."

"கூலிக்கா, சொந்தமா?"

"சொந்தந்தான். அவன் கையாலயே செஞ்சது. ரேடியோ படிச்ச பையனுக்கு இது எப்படி வந்துச்சுன்னு தெருவே ஆச்சரியப்படுது."

"எத்தன வக சேப்பாவ?"

"ஆறு. ஆறையும் பாத்துப் பாத்துக் கலப்பான். ஒண்ணு கூடிட்டா மத்தது எடுபடாம போயிரும்பான்."

"தொழில் தெரிஞ்ச ஆளு. பத்து வக பன்னெண்டு வகன்னு போடுதவம்லாம் ஏமாத்துதவன். எங்கல்லாம் போவுது?"

"கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, கல்யாண வீடு, ஒண்ணு விடாது. புன்னக்காயல் வரைக்கும் போவுது. இவன் வந்தாத்தான் ஆச்சும்பாவ அங்கன உள்ளவுக."

"கடக்கரையாச்சே, நமுத்துப் போவாதோ?"

"உப்புக்காத்துக்குக் கெடத்தான் செய்யும். அதுக்குத்தான் நல்ல துணியாப் போட்டு இறுக்க மூடி வச்சிருப்பான்."

இதில் அம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தரகரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நேராகப் போய், கொற்கைப் பக்கத்தில் எண்ணெய் ஆலையும் மாவு மில்லும் வைத்திருந்த ஒரு பெரிய அண்ணாச்சியிடம், "மாப்பிள்ள மிக்சர்ல பெரிய ஆளு" என்று சொல்லியிருக்கிறார். கடலை எண்ணெயும் கடலை மாவும் தன்னிடமே வைத்துக்கொண்டு, அவை சேருமிடம் மட்டும் இல்லாமல் இருந்த மனிதர் அவர். உடனே ஜாதகம் கேட்டார்.

அடுத்த வாரம் அம்மா, தரகர், நான் மூவரும் பஸ்ஸில் போனோம். கொற்கையைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். கடல் தன் போக்கில் விலகிப் போய்விட, இப்போது சுற்றிலும் நெல் வயல். ஒரு காலத்தில் யவனர் கப்பல் நின்ற இடம் இதுதான் என்று ஜன்னல் வழியாக அம்மாவுக்குக் காட்டினேன். "அதெல்லாம் அங்கன போய்ப் பேசிராத" என்றாள் அம்மா.

பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து வரவேற்றார். ஆறடி உயரம், தேக்குத் தூண் போன்ற உடம்பு, முறுக்கிய மீசை. வாயைத் திறந்து, "வாங்க, வாங்க" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது பேசினார்களா என்று. அவ்வளவு மெல்லிய, கீச்சுக் குரல். நாகசுரத்திலிருந்து சீவாளியை மட்டும் கழற்றி ஊதினால் ஒரு சத்தம் வரும் அல்லவா, அது. ஊரிலும் அவருக்குச் சீவாளி அண்ணாச்சி என்றுதான் பெயர் என்று பிறகு தெரிந்தது. அவர் காதில் படாமல் சொல்வார்கள். ஆனால் அவருக்குத் தெரியும்.

தட்டில் மக்ரூன் வந்தது. அவர் என் எதிரே உட்கார்ந்தார். மாமனார் மெஷின்கள் வைத்திருப்பவர், மெஷின் பற்றித்தான் கேட்பார் என்று தரகர் வழியிலேயே சொல்லிவைத்திருந்தார். அப்போது எதிரொலி உண்டாக்குவதற்கு ஒரு பழைய டேப் மெஷினை மிக்சரோடு இணைத்திருந்தேன். அதன் சக்கரங்கள் கிறீச்சிடும்.

"தம்பி, என்ன எண்ணெய் போடுதீய?" என்றார்.

"தையல் மிஷின் எண்ணெய்தான் மாமா. ரெண்டு சொட்டு போதும். கூடிட்டா வழுக்கும்."

தரகர் மக்ரூனைப் பாதியில் நிறுத்தினார். பெண்ணின் அப்பா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"தொழில் ரகசியத்தச் சொல்ல மாட்டாராம்லா! யாவாரின்னா இப்படிலா இருக்கணும்! சரி, அத விடும். கலக்கும்போது முதல்ல எதப் போடுவீய? அதயாவது சொல்லலாம்லா?"

"தாளந்தான் மாமா. அது நிலச்சு நின்ன பொறவுதான் மத்ததெல்லாம்."

"தாளிதம்" என்று தலையாட்டினார் அவர். "சரிதான். தாளிதம் நின்னாத்தான் மத்தது நிக்கும்."

மீசைக்காரருக்கு மெல்லிசை பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே, தாளத்தைத் தாளிதம் என்பது இந்தப் பக்கத்து வழக்காக இருக்கும் போலிருக்கிறதே என்று நான் வியந்துகொண்டிருந்தபோது, பெண் காப்பி கொண்டு வந்தாள். டம்ளரை நான் வாங்கக் கை நீட்டியதும், குனிந்த தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"போன கொடைக்கு எங்கூருக்கு வந்தீயள்லா. பாடுதவரு வாய மட்டும் அசச்சாரு. தபேலாதான் பாடுச்சு."

நான் டம்ளரை வாங்க மறந்துவிட்டேன்.

"அப்பா கச்சேரிக்கு வர மாட்டாவ. அவுகளுக்கு நீங்க யாருன்னு தெரியாது. நானும் சொல்லல" என்று முடித்து, டம்ளரை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதுவரை என் வேலையைப் பற்றி மக்கள் எனக்குச் சொன்ன கருத்துகள் இரண்டே வகை. சத்தம் நல்லா இருந்துச்சு; சத்தம் பத்தல. தபேலா கூடிப் போய்விட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை. கூடித்தான் போயிருந்தது. யானைப் படம் போட்ட திருகு அன்று இறுகிக்கொண்டுவிட்டது. எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த ஊரில் ஒரு காது அதைக் கேட்டிருக்கிறது, ஞாபகமும் வைத்திருக்கிறது. இந்தக் காதோடு வாழ்நாள் முழுவதும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே எனக்கு ஆகிவிட்டது. முகத்தைச் சரியாகப் பார்த்தேனா என்று அம்மா கேட்டபோதுதான், பார்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் தரகர் உற்சாகமாக இருந்தார்.

"யோகந்தான் வே உமக்கு. மாவும் எண்ணெயும் அவரே தாராராம். ஏரல் பஜார்ல கட பாத்து வச்சிட்டாராம். போர்டு எழுதக் கூட ஆளு சொல்லியாச்சு."

"எதுக்குக் கட?"

"மிக்சருக்குத்தான்."

மிக்சருக்கு எதற்குக் கடை, மாவு எதற்கு என்று நான் கேட்க, அவர் சொல்ல, நான் தையல் மிஷின் எண்ணெயை நினைத்துக்கொள்ள, பஸ் ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியதை அவருக்கு விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்பம் அது திங்கதில்லையா?"

"திங்க முடியாது."

"ஒரு வக கூடவா?"

"ஒண்ணு கூட."

தரகர் என் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, "பேசாம இரும். தாலி ஏறின பொறவு மெல்லச் சொல்லிக்கிடலாம். ரெண்டு மிக்சரையும் சேத்து நடத்துனாப் போச்சு" என்றார்.

அம்மா அதற்கு ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. தரகரே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், பிறகு அவர்கள் விருப்பம் என்று முடிவாயிற்று. வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த சில வாரங்கள் எனக்கு வேலை ஓடவில்லை. மாமனார் மறுத்துவிட்டால் அந்தக் காது வேறு யாரோ ஓர் உப்பு வியாபாரியின் வீட்டுக்குப் போய்விடும். மைக்செட் அண்ணாச்சி, "என்னலே, குழாய ஆகாசத்தப் பாத்துக் கட்டுத? மேகத்துக்கா பாட்டு?" என்று ஏசினார். புரட்டாசி முடிவில் தரகர் வந்து, சொல்லிவிட்டேன், மாமனாருக்கு ரொம்ப சந்தோஷம் என்றார். என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் மனமில்லை.

அவர் உண்மையில் சொன்னது இவ்வளவுதான் என்று பின்னால் தெரிந்தது: "மாப்பிள்ளைக்கு மிக்சரோட மைக்செட்டும் இருக்கு." மாமனார், "விளம்பரத்துக்கு ஆச்சு" என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

ஐப்பசியில் பெண்ணின் ஊர் அம்மன் கோயிலில் ஒரு விழா. மாமனார் தன் செலவில் கோயிலுக்கு ஒரு சமையல் கூடம் கட்டிக் கொடுத்திருந்தார், அதன் திறப்பு. சாயங்காலம் கூட்டம், பந்தி, அதன் பிறகு மெல்லிசை. மைக்செட் எங்களுடையது. மழை எப்போது இறங்குமோ என்று வானம் கறுத்து நிற்க, மேடையின் பக்கவாட்டில் ஓலைத் தட்டி மறைவில் மிக்சரை வைத்து, பாதித் துணியை மூடியபடியே நான் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அவள் இருந்தாள். தட்டியில் ஓர் ஓட்டை இருந்தது. நான் போட்டதல்ல.

மைக்செட் அண்ணாச்சி அவசரமாக வந்தார். "ஏலே, வில்லங்கம். சீவாளி அண்ணாச்சி பேச்ச எப்பவும் வேற ஆளு வாசிப்பான். இன்னைக்கு அவனுக்குக் காய்ச்சலாம். இவரே பேசப் போறாரு. முன்னால ஒருவாட்டி இந்த மேடையில பேசுனப்போ சனம் சிரிச்ச சிரிப்புல பாதியில இறங்கினவரு. அதுக்குப் பொறவு மைக்குப் பக்கமே வந்ததில்ல."

"எதுல பேசுனாரு அன்னைக்கு?"

"எதுலயா? குழாயிலதாம்லே."

குழாய் இருக்கிறதே, அது மெல்லிய குரலைப் பிடித்து இன்னும் மெல்லியதாகச் சீவி ஊசியாக்கி அனுப்பும். அடிக்குரல் அதில் வராது. அன்று அவரை ஒரு கை தூரத்தில் நிறுத்தி, குழாயில் விட்டிருக்கிறார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நான் குழாய்களை அடக்கிவிட்டு, மேடையின் இரண்டு பக்கமும் இருந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்களுக்கு மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரில் கீச்சைக் குறைத்தேன். அடிக்குரலை முழுவதும் திறந்தேன். டேப் மெஷினில் எதிரொலியைக் கொஞ்சம் சேர்த்தேன். அண்ணாச்சியை அனுப்பி, மைக்கை அவர் மீசையில் உரசும்படி வைக்கச் சொன்னேன். மாமனார் என்பதற்காகச் செய்யவில்லை. எந்தக் குரலாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் மூன்றாவது வரிசையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது ஞாபகத்தில் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மாமனார் எழுந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பதற்காக இப்போதே வாயைப் பொத்திக்கொண்டன.

"ஊரவுகளே" என்றார்.

இடி இறங்கியதைப் போலிருந்தது. பிள்ளைகள் வாயிலிருந்து கையை எடுத்தன. அவரும் திடுக்கிட்டுத் தனக்குப் பின்னால் பார்த்தார். தட்டிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"யாருளா பேசுதது?"

"நம்ம ஆலை அண்ணாச்சிதான்."

"போளா! அவுக குரலா இது? வாடகைக்கு எடுத்தாந்திருப்பாவ."

அவர் இன்னொரு முறை, ருசி பார்ப்பதைப் போல, "ஊரவுகளே" என்றார். பிறகு நிறுத்தவில்லை. சமையல் கூடத்தில் தொடங்கி, அரிசி விலைக்குப் போய், அம்மன் மகிமைக்கு வந்து, தன் தகப்பனார் தலைச்சுமையாகக் கருப்பட்டி விற்றது வரை சொன்னார். அந்த இடத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பாட்டுக்காரர் மூன்று தடவை தொண்டையைச் செருமிய பிறகுதான் மாமனார் இறங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஆண்கள் புதிய கூடத்தில் முதல் பந்திக்குப் போக ஆரம்பித்தார்கள்; பெண்கள் பந்தலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மைக்செட் அண்ணாச்சி அறிவிப்பு மைக்கில், வாசலை மறித்து நிற்கும் வண்டியை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, சாம்பார் வாசனையில் ஆறாவது திருகை மூடாமலே போய்விட்டார். அதை நான் கவனித்திருக்க வேண்டும். என் தொழிலில் காதைத் தவிர வேறு முதல் கிடையாது. ஆனால் அந்தச் சமயம் மாமனார் மாலையோடு தட்டிக்குள் நுழைந்துவிட்டார். என் காது, கண், உயிர் எல்லாம் அவரிடம் போய்விட்டன.

"மாப்பிள! இந்தக் குரல இத்தன வருசமா எங்கன வச்சிருந்தேன் நானு? எல்லாம் உம்ம மைக்செட்டு வேலைதானா? தரகன் சொன்னான், மிக்சரோட இதுவும் இருக்குன்னு."

தரகர் என்ன சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"சரி, மிக்சர் எங்க? கொண்டாந்திருக்கீயளா? பந்தியில ஆளுக்கொரு கை வைக்கச் சொல்லுவோம்" என்றார்.

நான் துணியை முழுவதும் எடுத்தேன். சிவப்பு எழுத்தில் மிக்சர்.

"இதுதான் மாமா."

அவர் எழுத்தைப் படித்தார். பெட்டியைச் சுற்றி வந்தார். யானைப் படம் போட்ட திருகைத் தொட்டுப் பார்த்தார்.

"திறயும்."

"திறந்தா கம்பிதான் இருக்கும். இது திங்கது இல்ல மாமா. ஆறு மைக்குச் சத்தத்தக் கலக்கது. எனக்கு இந்த மிக்சர் ஒண்ணுதான். தரகர்கிட்ட வெவரமாச் சொல்லிவிட்டேன், அவரு உங்ககிட்ட வந்து சொல்லல."

"அப்பம் கடல?"

"இல்ல."

"ஓமப்பொடி?"

"இல்ல மாமா."

"ஏரல்ல கடைக்கு முன்பணம் குடுத்துருக்கேனே வே! மிக்சர்னா திங்கதுன்னுலா நெனச்சேன்!"

பந்தல் பக்கமிருந்து ஏதோ பெரிய சத்தம் வந்தது. கூடத்தில் பாயசம் வந்திருக்கும் என்று நினைத்தேன். அது சிரிப்பு. மரப்பெட்டி ஸ்பீக்கர் வழியாக, நான் பக்குவம் செய்து வைத்த அதே இடிக்குரலில், ஊர் முழுவதும் கேட்க மாமனார் ஓமப்பொடியை விசாரித்துக்கொண்டிருந்தது, பெட்டிகள் ஊரைப் பார்த்து நின்றதால், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பந்தியில் முதலில் புரிந்துகொண்டவர் மைக்செட் அண்ணாச்சி. இலையிலிருந்து எழுந்து, சோற்றுக் கையோடு ஓடி வந்துகொண்டிருந்தார்.

மாமனார் மாலையைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"இங்க பாரும். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். பொண்ணு தாரேன்னு சொன்னது சொன்னதுதான். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு முன்னால் மைக்செட் அண்ணாச்சியின் சோற்றுக் கை ஆறாவது திருகை அடைந்துவிட்டது. டக்கென்று மூடினார். 'ஆனா'வும் அதற்குப் பிறகு வந்தவையும் ஓலைத் தட்டிக்குள்ளேயே நின்றுவிட்டன. அவை எனக்கு மட்டும் கேட்டன: "ஆனா அது கடல மிக்சருக்குச் சொன்னது. கம்பிப் பொட்டிக்கு இல்ல."

வெளியே ஊர் கேட்டது, பெண் தருகிறேன் என்று சொன்னது சொன்னதுதான் என்பது வரைக்கும்தான்.

உடனே பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவை கிளம்பியது. ஒற்றைக் குலவை, மூன்றாவது வரிசை இருந்த இடத்திலிருந்து. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் குலவையிட, கோயில் பக்கம் முழுவதும் அதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் அம்மன் வாசலில் ஒரு வார்த்தை சொல்லி, அதன் மேல் குலவையும் விழுந்துவிட்டால், அது அம்மன் கேட்டுக்கொண்ட வார்த்தை. ஒரு மனிதர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானால் ஊர் முன்னால் தன் வாயால் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்தவர்கள் அதிகமில்லை. எடுத்தவர்களைப் பற்றி நல்லபடியாகப் பேசினவர்களும் இல்லை.

மாமனார் தட்டியை விலக்கிப் பார்த்தார். பந்தியை விட்டு எழுந்து வந்து, எச்சில் கையோடு, ஊரே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அறிவிப்பு மைக்கைக் கையில் எடுத்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, மீசை அசைந்தது. தட்டிக்கு வெளியே எதுவும் போகவில்லை. தட்டித் தட்டிப் பார்த்தார்.

"கேக்கலயே. போடும் அத" என்றார் என்னிடம்.

மைக்செட் அண்ணாச்சி, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, வேண்டாம் வேண்டாம் என்று சோற்றுக் கையை ஆட்டினார். கரண்ட் கோளாறு என்று சொல்லிவிடலாம். மழை வந்துவிடும். குலவையோடு கூட்டம் கலைந்துவிட்டால், சொன்ன சொல் அப்படியே நின்று முகூர்த்தம் வந்துவிடும். திறந்தால், மீதி வாக்கியத்தையும் அவர் சொல்லி முடித்துவிடுவார். காப்பி டம்ளரோடு வந்த அந்தக் குரலை நான் இனிமேல் கேட்க முடியாது. இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் குரலைக் கேட்டு நிற்கும்போது அதைக் கொடுக்காமலிருக்க எனக்குப் பழக்கமில்லை. அன்றும் இல்லை, சென்னையில் எத்தனையோ பேருக்கு நடுவில் உட்கார்ந்தபோதும் இல்லை. சோறு ஒட்டியிருந்த திருகைத் துடைத்துவிட்டுத் திறந்தேன்.

அவர் மைக்கை மீசை வரை கொண்டுபோனார். அது எவ்வளவு நெருக்கத்தில் இருக்க வேண்டும் என்று இப்போது அவருக்கே தெரிந்திருந்தது.

"ஆனா..." என்றார்.

அந்தச் சொல் இரண்டு பெட்டிகளிலிருந்தும் புறப்பட்டு, கூட்டத்தின் தலைக்கு மேலாகப் போய், பனைகளைத் தாண்டி, வயல்வெளியில் எங்கோ மோதித் திரும்பி வந்தது. அவர் அதைக் கேட்டார். அது முழுவதும் திரும்பி வந்து சேரும் வரை காத்திருந்தார். கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் குரலுக்காகக் காத்து நின்ற ஊரைப் பார்த்தார்.

"ஆனா... முகூர்த்தம் தை மாசந்தான்."

பெண்கள் மறுபடியும் குலவையிட்டார்கள். அவர் மைக்கை வைக்கவில்லை.

"தை மாசம்" என்றார் இன்னொரு முறை, 'தை'யைக் கொஞ்சம் நீட்டி. "எல்லாரும் வந்துரணும்."

நான் எதிரொலியைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தேன்.